நத்தை ஏன் மேலே ஏறுகிறது?

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இருந்தால் நாளைக் காலை ஐந்து மணிக்கு எழுந்து, அறை விளக்கைப் போடாமல், கையில் ஒரு டார்ச் விளக்குடன் அதன் முன்னால் உட்காருங்கள். திருவண்ணாமலைவாசிகளுக்கு இது பெரிய காரியமே அல்ல. பௌர்ணமி இரவு முழுவதும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். ஒரு நாள் மீன் தொட்டிக்காகக் கண் விழிப்பதில் தவறில்லை.

மீன்களைப் பார்க்க வேண்டாம். அவற்றைத்தான் தினமும் பார்க்கிறீர்களே! நத்தைகளைப் பாருங்கள். நேற்று மாலை மணலுக்குள் எங்கோ ஒளிந்திருந்தவை இப்போது கண்ணாடிச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும். சில, நீர் மட்டத்தை எட்டி நின்றிருக்கும். ஒன்றிரண்டு, நீரின் மேற்பரப்பில் வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி நகர்ந்துகொண்டிருக்கும். இவை ஏன் இப்படிச் செய்கின்றன? நத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? இல்லை. அது உங்கள் தொட்டியைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒரு சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்தால் மீன்களைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால், பள்ளிக்குப் போய்த் திரும்புவதற்குள் மீன்கள் வயிறு மேலாக மிதக்கும்.

முதலில் ஒரு கேள்வி. நாம் நத்தை வாங்கவே இல்லையே, அது எப்படித் தொட்டிக்குள் வந்தது? வண்ண மீன் கடையில் வாங்கிய நீர்ச்செடியின் இலையடியில், கண்ணாடி போன்ற கூழுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தீர்களா? அது நத்தையின் முட்டைத் தொகுதி. தமிழ்நாட்டில் வண்ண மீன் வணிகத்துக்குப் பேர் பெற்ற இடம் சென்னைக் கொளத்தூர். அங்கிருந்து பிளாஸ்டிக் பையில் பயணம் செய்யும் செடியுடன் நத்தையும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும்.

நம் பக்கத்துத் தொட்டிகளில் வழக்கமாகக் காணும் நத்தைகளை அடையாளம் கண்டுகொள்வது எளிது. ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல ஒரே தளத்தில் தட்டையாகச் சுருண்டிருந்தால் அது இண்டோபிளானார்பிஸ். நாம் அதைக் கொம்பு நத்தை என்போம். மெல்லிய ஓட்டுடன் கூர் நுனியாக இருந்தால், நுனியை மேலாகவும் வாயை உங்களைப் பார்த்தும் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் லிம்னியா. இடப்பக்கம் இருந்தால் ஃபைசா. நத்தை உலகில் இடக்கை வழக்கம் குறைவு. ஆகவே ஃபைசாவை ஒருமுறை கண்டுகொண்டால் மறக்கமாட்டீர்கள். திருகாணி போல நீண்டு, வாயில் ஒரு சிறு மூடியும் இருந்தால் அது மெலனாய்டஸ், அதாவது திருகு நத்தை. எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக, உருண்டையாக, கெட்டியான மூடியுடன் இருந்தால் அது நம் வயலிலும் ஏரியிலும் வாழும் பைலா, அதாவது ஆப்பிள் நத்தை.

இந்தப் பெயர்களை எதற்காகச் சொல்கிறேன்? இவை எல்லாம் ஒரே விதமாக மூச்சு விடுவதில்லை. சேதியின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

திருகு நத்தைக்கு மீனைப் போலச் செவுள் உண்டு. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்கிறது. காற்றுக்காக மேலே வரவேண்டிய தேவை அதற்கு இல்லை. கொம்பு நத்தை, லிம்னியா, ஃபைசா மூன்றுக்கும் செவுள் கிடையாது. இவை நுரையீரலால் மூச்சு விடுபவை. ஆகையால் இவை அவ்வப்போது மேலே வந்து, உடலின் பக்கத்திலுள்ள சிறு துளையைத் திறந்து, காற்றை நிரப்பிக்கொண்டு போகும். பைலாவோ இரண்டும் வைத்திருக்கும் பணக்காரன். உடலின் வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பைனி பிரசாத் என்ற அறிஞர் 1925-இல் பைலாவின் உடலமைப்பை அங்கம் அங்கமாக விவரித்து எழுதியிருக்கிறார். பல தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் பைலாவை அறுத்துப் பார்த்துப் படித்தார்கள். அறுக்காமல் பார்ப்பது இன்னும் சுவையானது. பைலா கண்ணாடியில் பாதி தூரம் ஏறி நின்று, தலையருகே இருக்கும் சதை மடிப்பைக் குழலாகச் சுருட்டி, யானை துதிக்கையை உயர்த்துவது போல நீர் மட்டத்துக்கு மேலே நீட்டும். பிறகு உடல் முழுவதையும் முன்னும் பின்னும் அசைத்துத் துருத்தி ஊதுவது போலக் காற்றை இழுக்கும். முழுதும் வெளியே வராமலே மூச்சு வாங்கும் தந்திரம் இது. கரையில் காத்திருக்கும் கொக்குக்குத் தலையைக் காட்ட யாருக்குத்தான் ஆசை?

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பாருங்கள். கொம்பு நத்தையோ லிம்னியாவோ மேலே வந்தால் அது சேதி அல்ல. மூச்சு விட வந்திருக்கிறது. ஒரு திருகு நத்தை இரவில் கண்ணாடியில் ஏறினாலும் சேதி அல்ல. பாசியை மேய வந்திருக்கலாம். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் மேய்வது அதன் வழக்கம். ஆனால் திருகு நத்தைகள் ஊரே திரண்டாற்போல, அதுவும் பட்டப் பகலில், மணலை விட்டு மேலே ஏறி நீர் மட்டத்தை ஒட்டி நிற்கின்றனவா? எச்சரிக்கை! செவுளால் மூச்சு விடும் பிராணி காற்றை நோக்கி ஓடுகிறது என்றால், கீழே நீரில் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். அல்லது தின்னாத தீனியோ, கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும் மீனோ அழுகி நீரைக் கெடுத்திருக்கும்.

ஆக்சிஜன் ஏன் குறைகிறது? திருவண்ணாமலைக் கோடை உங்களுக்குத் தெரியும். கத்திரி வெயிலில் மலைப் பாறை பகலெல்லாம் காய்ந்து, மாலையில் அனலை நம்மீது வீசும். தொட்டி நீரும் சூடாகும். சூடான நீர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது. ஏனென்றால் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜனைக் கேட்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது! நுரையீரல் நத்தைகள் சிரமப்பட்டு ஏறி வருவது வீண் வேலை அல்ல என்பது இப்போது விளங்கும்.

காலை ஐந்து மணிக்கு எழச் சொன்னதற்கும் காரணம் இதுதான். பகலில் நீர்ச்செடிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீனைப் போல ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. இரவெல்லாம் செலவாகிச் செலவாகி, விடிவதற்குச் சற்று முன்னால்தான் தொட்டியின் இருப்பு மிகக் குறைவாக இருக்கும். இரவில் மின்சாரம் நின்று காற்றுப் பம்பும் ஓய்ந்துபோனால் கேட்கவே வேண்டாம்.

அப்படி ஒரு காலையில் நத்தைகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டால் என்ன செய்வது? ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள். கால் மணி நேரம் விடாமல் செய்யுங்கள். விழும் நீர் காற்றைக் கலந்துகொண்டு போகும். கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்திருந்த நீரை ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை நேராக ஊற்றினால் ஒரு வியாதிக்கு மருந்தாக இன்னொன்றைக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். அன்று தீனி போட வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது.

மருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு என் தொட்டி மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. ஒரு கடையில் நீல நிற மருந்து கொடுத்தார்கள். சொன்ன அளவு விட்டேன். மீன்கள் பிழைத்தன. நத்தைகள் எல்லாம் ஓட்டுக்குள் சுருங்கித் தரையில் விழுந்தன. இரண்டு நாளில் நாற்றம் எடுத்தது. அந்த மருந்தில் இருந்தது மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட்டு. நத்தைகளைக் கொல்லவே உலகெங்கும் பயன்படுத்திய பொருள் அது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லிம்னியா, பைலா போன்றவற்றின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற நிறமி. அதில் இருப்பது செம்புதான். அதனால் அவற்றின் இரத்தத்துக்கு நீலச் சாயல். உடலுக்குள் அளவாக இருந்து உயிர் காக்கும் உலோகமே நீரில் உப்பாகக் கரைந்து வந்தால் உயிரை வாங்குகிறது. கொம்பு நத்தையின் இரத்தமோ நம்முடையதைப் போலச் சிவப்பு. அதில் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த குட்டைகளிலும் அது காலம் தள்ள இது உதவுகிறது.

இனித் தலைகீழாகத் தொங்குபவரைப் பார்ப்போம். தரையில் ஊர்ந்தால் சரி, தரை தாங்குகிறது. நீரின் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நுரையீரலில் காற்றை நிரப்பிக்கொண்ட நத்தை மிதக்கும் என்பது பாதி விடை. மிதப்பது வேறு, நகர்வது வேறு அல்லவா? நத்தையின் பாதம் சளியைச் சுரந்து, நீர்ப்பரப்பின் அடியில் ஒரு மெல்லிய படலமாகப் பரப்புகிறது. பாதத்தில் சிறு அலைகள் ஓடுகின்றன. அந்த அலைகள் சளிப் படலத்தின் மறுபக்கத்திலுள்ள நீர்ப்பரப்பையும் மிகச் சிறிய மேடுபள்ளங்களாக வளைக்கின்றன. வளைந்த பரப்பை நிமிர்த்தப் பார்க்கும் பரப்பு இழுவிசை சளிக்குள் அழுத்த வேறுபாட்டை உண்டாக்க, சளி நகர்கிறது. நத்தை எதிர்த்திசையில் நகர்கிறது. சங்யான் லீ என்பவரும் அமெரிக்காவில் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2008-இல் கணக்கிட்டுச் சொன்ன விளக்கம் இது. ஒரு குளத்து நத்தையின் நடையைப் புரிந்துகொள்ள இயற்பியல் அறிஞர்கள் சமன்பாடு எழுத வேண்டியிருந்தது! நத்தைக்கு அந்தச் சமன்பாடு எதற்கு? நீர்ப்பரப்பில் படியும் தூசையும் பாசியையும் மேய்ந்துகொண்டு அது பாட்டுக்குப் போகிறது. ஒரு பென்சிலால் அதன் ஓட்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சட்டென ஒரு காற்றுக் குமிழை வெளியே விட்டு, கல்லைப் போல அடிக்குப் போய்விடும். எதிரி வந்தால் தப்பும் வழி அது.

நத்தை மந்தபுத்தி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் கென் லுகோவியாக் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஒருவகை லிம்னியா நத்தைகளை ஆக்சிஜன் குறைந்த நீரில் விட்டார்கள். அவை மூச்சு விட மேலே வந்து துளையைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மெல்லக் குத்தினார்கள். சில பயிற்சிகளுக்குப் பிறகு நத்தைகள் துளையைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டன. மறுநாளும் அதை மறக்கவில்லை! 1990-களில் தொடங்கிய இந்தச் சோதனைகளிலிருந்து நினைவாற்றலைப் பற்றி நிறையக் கற்றிருக்கிறார்கள். தேர்வுக்கு முதல் நாள் படித்ததை மறுநாள் மறந்துவிடும் நாம் கொஞ்சம் அடக்கமாகவே இருக்கலாம்.

பைலாவிடம் இன்னொரு விந்தை உண்டு. நம் ஊர் ஏரிகள் மழையை நம்பியவை. நீர் வற்றும்போது பைலா சேற்றுக்குள் புதைந்து, மூடியை இறுக்கிச் சாத்திக்கொண்டு, மாதக் கணக்கில் தூங்கிவிடும். தென்னிந்திய பைலாவின் இந்தக் கோடைத் துயிலை 1950-களிலும் 60-களிலும் வி. ஆர். மீனாட்சி ஆராய்ந்து எழுதினார். உடலின் செலவை வெகுவாகக் குறைத்துக்கொண்டு அது காலம் கடத்துகிறது. தொட்டியில் வளரும் பைலாவும் சில சமயம் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்ததாக இருந்தால் மூக்கே சொல்லிவிடும். மூடியும் தளர்ந்து தொங்கும். மூடி இறுகி, நாற்றமில்லாமல் இருந்தால் பொறுத்திருங்கள்.

இப்போது தொட்டி வைத்திருப்பவர்களின் பெரிய புகாருக்கு வருவோம். “ஒரே ஒரு நத்தைதான் இருந்தது. ஆறு மாதத்தில் தொட்டி முழுக்க நத்தை!” இது பொய் அல்ல. கொம்பு நத்தை, லிம்னியா, ஃபைசா ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. துணை கிடைக்காவிட்டால் தம்மைத் தாமே கருவுறச் செய்துகொள்ளும். திருகு நத்தையில் பெரும்பாலும் பெண்களே. ஆணின் உதவியின்றியே தாய் கருவுற்று, குஞ்சுகளை உடலுக்குள் வைத்து வளர்த்து, ஓட்டுடன் கூடிய குட்டி நத்தைகளாக வெளியே விடுகிறது. ஆனால் நான் நத்தையைக் குற்றம் சொல்லமாட்டேன். மிஞ்சிய தீனிதான் நத்தையாக மாறுகிறது. தீனி போடும் கை பெரிய கையாக இருந்தால் நத்தைக் கூட்டமும் பெரிதாகும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். கூட்டம் தானே சுருங்கும்.

அவசரப்பட்டுச் சிலர் வேறொன்று செய்கிறார்கள். ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய் அய்யங்குளத்திலோ சமுத்திரம் ஏரியிலோ கொட்டிவிட்டு, உயிரைக் காப்பாற்றிய புண்ணியத்தோடு வீடு திரும்புகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். திருகு நத்தையின் கதையைக் கேளுங்கள். டென்மார்க் அறிஞர் முல்லர் 1774-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, அது கிடைத்த இடமாகக் குறித்தது எது தெரியுமா? நம் சோழமண்டலக் கடற்கரை! தொட்டி வளர்ப்போர் அதை மலேசிய நத்தை என்று அழைத்தாலும், அது நம் வட்டாரத்துக்காரன். மீன் தொட்டி வணிகத்தோடு அமெரிக்காவுக்குப் போன இந்த நத்தை, டெக்சாஸ் மாநில நீரூற்றுகளில் பெருகியது. அதன் உடலில் வளரும் ஓர் ஒட்டுண்ணிப் புழு, அங்கு மட்டுமே வாழும் ஒரு சிறு மீனின் செவுளைத் தாக்குகிறது. நம் சாதுவான நத்தை அங்கே வில்லன். அதேபோல வட அமெரிக்காவில் பிறந்த ஃபைசா இப்போது நம் நாட்டு நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. கடைகளில் மஞ்சளாக மின்னும் ஆப்பிள் நத்தை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் உறவான இன்னொரு தென் அமெரிக்க நத்தையைத் தின்பதற்கென்று ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அது தப்பிப்போய்ப் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் நெற்பயிரைத் தின்று தீர்த்தது. மிஞ்சும் நத்தைகளை நண்பர்களுக்குக் கொடுங்கள், அல்லது முட்டைக் கூழை இலையிலிருந்து சுரண்டி எடுத்துவிடுங்கள். குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மறுவழியும் கூடாது. மாடு குளிப்பாட்டும் குட்டையிலிருந்து நத்தை பிடித்து வந்து தொட்டியில் விடாதீர்கள். கொம்பு நத்தை, கால்நடைகளின் இரத்தப் புழுக்களுக்கு இடைவீடு. அதிலிருந்து நீரில் இறங்கும் இளம் புழுக்கள் நம் தோலிலும் நுழைந்து அரிப்பு உண்டாக்கும். தொட்டியில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவது எப்போதும் நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. திருகு நத்தை உண்மையிலேயே ஆக்சிஜன் குறைவால்தான் ஏறுகிறதா? என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் கொதிக்கவைத்த நீரும், இன்னொன்றில் கொதிக்காத நீரும் எடுத்து ஒப்பிடலாம் என்று தோன்றும். அது சரியான சோதனை அல்ல. கொதிக்கும்போது காற்று மட்டுமா போகிறது? நம் கிணற்று நீரின் உப்பும் வெள்ளையாகப் படிந்துவிடுகிறதே! வேறுபாடு இரண்டாகிவிட்டால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே நீர் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். பாதியை அகன்ற வாய்ப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஆறவிடுங்கள். மறு பாதி ஆறியதும், டீக்கடைக்காரர் டீ ஆற்றுவது போல இரண்டு பாத்திரங்களுக்கிடையே ஐம்பது முறை தூக்கி ஊற்றி ஆற்றி, அதே அளவுள்ள மற்றொரு பாட்டிலில் நிரப்புங்கள். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததை விரலால் அல்ல, வெப்பமானியால் உறுதி செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள பத்துத் திருகு நத்தைகளை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பாதி உயரத்துக்கு மேல் எத்தனை ஏறியிருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு நத்தைகளைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். மறுநாள் பாட்டில்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பாட்டிலின்மேல் அதிகம் விழுந்து உங்களை ஏமாற்றியிருக்கக்கூடும் அல்லவா?